காரைக்குடியில் இ.சி.எச்.எஸ். கார்டுக்குப் பல் வைத்தியம்: நாங்கள் போய்வந்த கிளினிக்

கல்லல், தேவகோட்டை, காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடாவது இருக்கும். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பார்கள். நெஞ்சுவலி, சர்க்கரை என்றால் எடுப்பார்கள். பல்லுக்கும் அது செல்லும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து 2008-ல் பென்ஷன் வந்தவன். இ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு பென்ஷனோடு வெளியே வருகிறவர்களிடம் சந்தாவை ஒரே தடவையாகப் பிடித்துக்கொண்டு உறுப்பினராக்கிவிடுகிறார்கள். ஆக, கார்டை நீட்டும்போது யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. அது நாம் பணம் கட்டி வாங்கியது.

போன தையில் கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த சீப்புச் சீடையை என் வீட்டுக்காரம்மா கடித்தபோது, கீழ்க்கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு பெயர்ந்து விழுந்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீர் கொப்பளித்தோம், மூன்று நாள் தள்ளினோம். அப்புறம் இ.சி.எச்.எஸ். திட்டத்தின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக் போனோம். அங்கே இருக்கிற பல் டாக்டர் பார்த்துவிட்டு ரூட் கேனல், அதாவது வேர் சிகிச்சை வேண்டும் என்று ரெஃபரல் (வெளியே வைத்தியத்துக்கு அனுப்பும் சீட்டு) எழுதிக் கொடுத்து, திட்டத்தின் பட்டியலில் இருக்கும் தனியார் கிளினிக்குகளில் எது வசதியோ அங்கே போங்கள் என்றார்.

முதலில் வேறொரு ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பேர் வேண்டாம். கவுன்டரில் கார்டைப் பார்த்ததும், "கார்டா? அப்படி ஓரமா உக்காருங்க" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் உள்ளே போய் வெளியே வந்தார்கள். கடைசியில் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்துவிட்டு, "மெட்டீரியலுக்கு 1,500 ரூபா கையில கொண்டு வந்துடுங்க" என்றார்கள். ரசீது தருவீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. வலியோடு உட்கார்ந்திருந்த மனுஷியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்து வந்ததுதான் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம், மாடியில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக். ஒரே ஒரு பல் நாற்காலி, டாக்டரம்மா ஒருவர், உதவிக்கு இரண்டு பெண்கள். ரெஃபரலையும் கார்டையும் வாங்கிப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு, வந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்தார்கள். காசு கொடுத்துப் பார்க்கிறவருக்கும் எங்களுக்கும் ஒரே டோக்கன், ஒரே பெஞ்சு. நான் இந்த இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு டோக்கனே போதும்.

உள்ளே டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு நிழல் இறங்கி நரம்பைத் தொட்டிருந்தது. "அம்மா, இது வரைக்கும் போயிடுச்சு. பல்ல எடுக்க வேணாம், காப்பாத்தலாம். வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார். முதல் நாள் ஒரு தடவை கை தூக்கினார். சொன்ன மாதிரியே நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போட்டார். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. நாலாவது தடவை கேப், பல்லுக்கு மேல் மாட்டும் உறை. மாட்டியதும் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து "கடிங்க, அரைங்க" என்றார். கேப்பின் ஒரு ஓரத்தில் கடுகளவு நீலப் புள்ளி விழுந்தது. அதை மட்டும் லேசாகத் தேய்த்தார். மறுபடி காகிதம், மறுபடி தேய்ப்பு. ஆறு தடவை இருக்கும். வெளியே ஆள் காத்திருக்கிறது என்று அவசரப்படவே இல்லை. விலை கூடின கேப் வேண்டுமா என்று கேட்டுத் தொந்தரவும் செய்யவில்லை. "கார்டுல வர்ற கேப்பே இந்தப் பல்லுக்குப் போதும்மா" என்றார். கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை.

கடைசி நாள் கூட்டம் குறைவாக இருந்தது. இந்தத் திட்டத்தில் ஏன் நிறைய டாக்டர்கள் சேர்வதில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை வைத்துத்தான் எனக்கே விஷயம் விளங்கியது. விண்ணப்பம் போட வேண்டும், ஆய்வுக்கு வந்து இடத்தையும் கருவிகளையும் பார்ப்பார்கள், பிறகு ஒப்பந்தம். அதையும் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் டாக்டர் வைப்பதல்ல, மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-க்கு அரசு வைத்திருக்கும் கட்டணம். என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச் சான்று உள்ள இடத்துக்கு ஒரு விலை, இல்லாத இடத்துக்கு அதைவிடக் குறைவு. வைத்தியம் முடிந்ததும் ரெஃபரல், பில், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு காகிதம் குறைந்தாலும் கேள்வி வரும், பணம் நிற்கும். இந்தத் திட்டத்தில் பில்கள் தேங்குவது பார்லிமென்ட் நிலைக்குழு வரைக்கும் பேசப்பட்ட விஷயம்தான். பெரிய ஆஸ்பத்திரி தாங்கும். ஒற்றை நாற்காலி கிளினிக், லேபுக்குக் கேப் செய்த காசை மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். பணம் நேரத்துக்கு வந்தால் காரைக்குடியில் இன்னும் பத்து டாக்டர்கள் சேருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக ஓரமாக உட்கார வைத்தவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். பட்டியலில் பேரையும் வைத்துக்கொண்டு வந்தவரை அலைக்கழிப்பது தப்பு.

அங்கே காத்திருந்தபோது கொத்து வேலைக்குப் போகிற ஒரு அம்மா, மகனோடு முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுவந்தார். பையனுக்குச் சொத்தைப் பல். அந்தத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பல், தாடை விஷயத்தில், தாடை எலும்பு முறிவு மாதிரி ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற அறுவை சிகிச்சைக்குத்தான் அது. சொத்தை அடைக்க வராது. கவுன்டர் பெண் அதைப் பொறுமையாக விளக்கி, அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போகச் சொன்னார். அந்த அம்மா அட்டையைத் துணிப்பையில் திரும்ப வைத்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பையனுக்கும் கிடைக்க வேண்டும். இப்படிப்பட்ட சின்ன கிளினிக்குகளையும் அந்தத் திட்டத்தில் சேர்த்து, சொத்தை அடைக்கவும் வேர் சிகிச்சைக்கும் இடம் கொடுத்தால் எத்தனையோ பல் பிழைக்கும்.

குறை என்றால் மாடிப்படி. செங்குத்தாக இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் போக வேண்டாம். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று. உட்கார இடமும் கம்மி.

போகிறவர்கள் பாலிகிளினிக் ரெஃபரல் இல்லாமல் நேராகப் போய் நிற்காதீர்கள். கார்டு அசலைக் கொண்டுபோங்கள், மனைவிக்கு வைத்தியம் என்றால் மனைவி பேரில் உள்ள கார்டு. ரெஃபரலில் என்ன வைத்தியம், எந்தப் பல் என்று சரியாக எழுதியிருக்கிறதா என்று பாலிகிளினிக் வாசலிலேயே படித்துப் பாருங்கள். எங்களுக்குப் பல் எண் மாறி எழுதியிருந்தது. அதைத் திருத்திவரவே ஒரு நாள் போயிற்று.

அடுத்த மாதம் என் முறை. மேல் தாடையில் இரண்டு பல் இல்லை. ரெஃபரல் வாங்கியாயிற்று, பல் எண்ணையும் பார்த்துவிட்டேன்.