டெஸ்டோஸ்டிரோன்: ஜெல்லா, ஊசியா?

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்த பிறகு, என் உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஜிம்மில் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிறார்களே, தசையை வளர்க்கும் அதே அனபாலிக் ஸ்டீராய்டுதான் எனக்கு மருந்து. டாக்டர் மூன்று வழிகள் சொன்னார்: தினமும் பூசும் ஜெல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை சஸ்டனான் 250 ஊசி, 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை நெபிடோ ஊசி. இப்போது நான் போட்டுக்கொள்வது நெபிடோ.

தொடங்கியது சஸ்டனானில். விலை குறைவு, பக்கத்து கிளினிக்கிலேயே போடுவார்கள். ஆனால் ஊசி போட்ட சில நாளில் அளவு உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கிவிடும். மூன்றாவது வாரம் சோர்வும் எரிச்சலும்தான். கடலை எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது.

ஜெல்லில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, குத்தலும் இல்லை. நான் அதைப் பூசிப் பார்த்ததில்லை, அதனால் தோல் அரிப்பு பற்றியெல்லாம் அனுபவத்தோடு சொல்ல முடியாது. என்னைத் தடுத்தது வீட்டில் இருக்கும் குழந்தை. தோளில் பூசிய ஜெல், தோலோடு தோல் பட்டால் அடுத்தவருக்கும் ஒட்டும். அப்படிப் பட்ட குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாவது, வயதுக்கு முன்பே முடி முளைப்பது, எலும்பு வேகமாக முதிர்வது என்று வந்ததால்தான் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை ஜெல்லின் மருந்துக் குறிப்பில் போடவைத்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு, தொடர்பு நின்றதும் அறிகுறிகள் குறைந்தன. சிலருக்கு முழுதாகச் சரியாகவில்லை. கை கழுவு, சட்டையால் மூடு, குழந்தையைத் தூக்குவதற்கு முன் பூசிய இடத்தைக் கழுவு என்பதுதான் விதி. வெயில் காலத்தில் சட்டை போடாமல் படுக்கும் வீட்டில், ஓடிவந்து தோளில் ஏறும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூடத் தவறாமல் இதைக் கடைப்பிடிக்க முடியுமா? என்னால் முடியாது.

நெபிடோவிலும் சங்கடம் உண்டு. 4 மில்லி விளக்கெண்ணெய்க் கரைசலைப் புட்டத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும், வலிக்கும். அரிதாக எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் மூச்சுத்திணறல் வரலாம் என்பதால் அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைக்கிறார்கள். ஒருமுறை உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹீமடோகிரிட், 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். ஜெல்லை அன்றைக்கே நிறுத்தலாம், நெபிடோ வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும். அதனால் வயதானவர்கள், வீட்டில் சிறு குழந்தை இல்லையென்றால், ஜெல்லில் தொடங்குவதே நல்லது.

இனிமேல்தான் குழந்தை வேண்டும் என்பவர்கள் மூன்றையும் தொடுவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எதைப் போட்டாலும் விந்தணு உற்பத்தி அடங்கிப்போகும், அவர்களுக்கு விரைகளைத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் போன்ற வேறு ஊசிகள் இருக்கின்றன.