வதரிக்குப் போகும் வழியில் ஒரு பாட்டில் தண்ணீர்

மெல்பர்னிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை ஸ்ரீரங்கம் வந்து போகும் நான், இந்த முறை செப்டம்பர் கடைசியில் அம்மாவை பத்ரிநாத்துக்கு அழைத்துப்போனேன். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்ந்து மூன்று வருடமாகக் கைத்தடி ஊன்றி நடக்கிறார். முதுமை வந்து, கோலைத் துணையாகப் பிடித்து, கூனிக் குறுகித் தள்ளாடுவதற்கு முன்பே வதரியை, அதாவது பத்ரிநாத்தை, வணங்கிவிடுங்கள் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அம்மா அந்தப் பாசுரங்களைப் பத்து வயதிலேயே மனப்பாடம் செய்தவர். "ஆழ்வார் சொன்ன கெடு எனக்குத் தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போடாதே" என்று தொலைபேசியில் சொன்னார். மறுநாளே விமான டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வயதான அம்மாவையோ அப்பாவையோ இப்படி அழைத்துப்போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பதிவு. உத்தராகண்டின் நான்கு தாம்களுக்கு (புனிதத் தலங்களுக்கு)ப் போக யாத்திரைப் பதிவு கட்டாயம். நாங்கள் போனபோது அது இலவசமாக இருந்தது. அம்மாவுக்கு ஆதார், எனக்கு பாஸ்போர்ட் என்று கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் முடித்துக்கொண்டோம். ரிஷிகேஷில் ஒரு பயண முகவர், "பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆளுக்கு 500 ரூபாய்" என்றார். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மதுரைக் குடும்பம் ஆறு பேருக்குக் கொடுத்தே விட்டது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் ஏறத்தாழ 295 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யக்கூடாது. நாங்கள் பீப்பல்கோட்டியில் ஓர் இரவு தங்கினோம். உடம்பு களைப்பாற அந்த ஓர் இரவு உதவும். ஆனால் நான் கவனிக்கத் தவறியது வேறொன்று.

தேவப்பிரயாகையில் வண்டியை நிறுத்தி, பாகீரதியும் அலகநந்தாவும் கலக்கும் இடத்தைச் சாலையிலிருந்தே காட்டினேன். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான். படிகள் செங்குத்தாக இறங்குவதைப் பார்த்து, அம்மா அங்கிருந்தே கைகூப்பினார். வெயில் சுள்ளென்று இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "அப்புறம்" என்றார். ருத்ரப்பிரயாகையிலும் "அப்புறம்"தான். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும்தான் எனக்கு உறைத்தது. வழியில் ஒரு கழிப்பறைக்குள் எட்டிப்பார்த்தவர், குந்தி உட்கார முடியாத முழங்காலோடு திரும்பி வந்திருந்தார். தரை முழுக்க ஈரம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. அந்த நிமிடத்திலிருந்து தண்ணீரை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லக்கூட இல்லை.

நம் வீட்டுப் பெண்கள் பஸ் பயணம் என்றாலே இப்படித்தான் செய்வார்கள். சமவெளியில் அது தலைவலியோடு போய்விடும். கடல் மட்டத்திலிருந்து 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பத்ரிநாத்தில் போகாது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். குளிர்ந்த வறண்ட காற்றில், மூச்சு விட விட உடம்பின் நீர் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் ஓட்டுநர் சமோலி மாவட்டத்துக்காரர். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, சாலையோரம் ஒரு சின்ன டீக்கடையில் நிறுத்தினார். கடைக்கார அம்மாள், "வாருங்கள், மாதாஜி" என்று இந்தியில் அழைத்துக் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அங்கே நாற்காலிக் கழிப்பறை இருந்தது. தன் மாமியாருக்காகக் கட்டியதாம். காசு வாங்க மறுத்துவிட்டார். நான் டீ மட்டும் கூடுதலாக இரண்டு சொல்ல முடிந்தது.

ஆனாலும் அம்மா ஒரு மடக்குதான் குடித்தார். இனி இப்படி ஒரு வீடு கிடைக்குமா என்ற பயம்.

ஜோஷிமட்டைத் தாண்டி ஓரிடத்தில் மண் சரிந்து இரண்டரை மணி நேரம் நின்றோம். ஜேசிபி வந்து வழி ஏற்படுத்திக் கொடுத்தது. பத்ரிநாத் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. மெல்பர்னிலிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில் கீழ்த்தளம், ஹீட்டர், எப்போதும் வெந்நீர் என்று போட்டிருந்தது. கொடுத்ததோ மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை, மின்சாரமும் இல்லை. "எல்லோரும் ஏறுகிறார்களே" என்றார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சிறிய விடுதியில் கீழே ஓர் அறை கிடைத்தது. முதல் விடுதிக்குக் கட்டிய பணம் இன்றுவரை திரும்பவில்லை. பதிவு செய்யும்போது கீழ்த்தள அறை என்பதை எழுத்தில் வாங்குங்கள், கிளம்புவதற்கு முந்தைய நாள் தொலைபேசியிலும் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு அட்டையை நம்பிப் போகாதீர்கள். என் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) யுபிஐ இருந்ததால் டீக்கடைவரை சமாளித்தேன், ஆனால் சிக்னல் போனபோதெல்லாம் ரொக்கம்தான் கைகொடுத்தது.

இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தலைசுற்றியது. உதடு வெளுத்திருந்தது. யாத்ரீகர்களுக்கான மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்த செவிலியருக்கு. அம்மாவின் விரல் சில்லிட்டிருந்ததால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி எண்ணைக் காட்டவே இல்லை. அவர் தன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தக் கையை வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி மாட்டினார். 86 சதவீதம். "இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொல்லாமல் நின்றேன். ஆக்சிஜன் வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலை டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்தார். குடித்து முடிக்கும்வரை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே இருட்டில் டார்ச் அடித்துக் கழிப்பறைவரை தானே கூட்டிப்போனார். பத்தரை மணிக்கு 91.

மறுநாள் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு, அதற்கடுத்த நாள் காலையில்தான் கோவிலுக்குக் கிளம்பினோம். முதியவர்களைக் கூடையில் உட்காரவைத்து முதுகில் தூக்கிப்போகும் நேபாளத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அந்தக் கூடையைக் கண்டி என்பார்கள். ஒரு பையனை அமர்த்தினேன். அம்மா அவனைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார். "என் பேரன் வயது. அவன் முதுகில் ஏறிக்கொண்டு பெருமாளைச் சேவிக்க மாட்டேன். பேசிய கூலியைக் கொடு, கூட நடந்து வரட்டும்." அவன் காலிக் கூடையோடு முன்னால் நடந்தான். இருபது அடி போனதும் கூடையை இறக்கி வைத்துக் கையால் தட்டிக் காட்டினான். அம்மா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மறுபடி இருபது அடி. மறுபடி கூடை. அலகநந்தா பாலத்தின் மேல் அப்படி உட்கார்ந்திருந்தபோது மேகம் விலகி நீலகண்ட சிகரம் வெள்ளையாகத் தெரிந்தது. பையன் அதைக் காட்டவில்லை, அம்மாவின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தான்.

தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றின் நீரை அம்மா காலில் மட்டும் ஊற்றிக்கொண்டார். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. படி வழுக்கும், கையைப் பிடிக்க ஆள் வேண்டும். கைத்தடியைப் பார்த்த காவலர் ஒருவர் எங்களை வரிசையிலிருந்து அழைத்துப் பக்கவாட்டில் விட்டார். கர்ப்பக்கிரகத்தில் பூசை செய்யும் ராவல் (தலைமை அர்ச்சகர்) கேரளத்து நம்பூதிரி. சாளக்கிராமத் திருமேனி, பத்மாசனத்தில் அமர்ந்த கோலம், மார்பு நிறையத் துளசி. அம்மா பாசுரத்தைத் தொடங்கி இரண்டாவது அடியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். மீதியை நான் சொன்னேன். எனக்கு அது மறந்துபோகவில்லை என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம்.

முன்னோருக்குப் பிண்டம் வைக்கும் இடமான பிரம்ம கபாலத்தில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்தோம். தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாய்த்த புரோகிதர் உடைந்த தமிழில் கோத்திரம் கேட்டு, பொறுமையாகச் செய்துவைத்தார்.

வயதானவர்கள் இத்தனை பேர் வரும் பாதையில் அரை மணி நேரத்துக்கு ஒரு நாற்காலிக் கழிப்பறை, சுவரில் ஒரு பிடிகம்பி, காய்ந்த தரை இருந்தால் போதும். நான் மடக்கி எடுத்துப்போகும் கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கிப் போயிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், வாங்கிக்கொண்டு போங்கள்.

இறங்கும்போது அம்மாவே ஓட்டுநரின் தோளைத் தட்டி, அந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். கடைக்கார அம்மாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். அம்மா அவர் கையில் பத்ரித் துளசியை வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, முழுவதையும் குடித்தார்.