மேட்சை நிறுத்தி எச்சரிக்கும் எங்கள் சேனல்: ஐந்துக்கு நான்கு

அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. வீட்டில் அமெரிக்க ஃபுட்பால் என்றால் உயிர். ஆண்டெனாவில் வரும் உள்ளூர் சேனல் ஒன்றில்தான் பெரும்பாலும் மேட்ச் பார்ப்போம். பெயர் வேண்டாம். மேட்ச் ஓடும்போது டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை வந்தால் அந்தச் சேனல் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஒருமுறை எங்களைக் கைவிட்ட சேனல் அது.

2019 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் ஊர் அணியான கவ்பாய்ஸுக்கும் ஈகிள்ஸுக்கும் ஆட்டம், பக்கத்து ஆர்லிங்டனில். கவ்பாய்ஸ் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. என் போன் கைப்பையில் கிடந்தது. ஒன்பது மணி சுமாருக்கு வீட்டு போன் அடித்தது. எதிர்ப்பக்கம் இருக்கும் தோழி. "அக்கா, சேனலை மாத்துங்க, உங்க பக்கம்தான் வருது!" அவள் பார்த்தது வேறு சேனல். எங்கள் திரையில் இன்னும் பந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்று எழுந்திருக்க மறுத்த மகனைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினோம். இங்கே பெரும்பாலான வீடுகளில் நிலவறை கிடையாது. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் அடைக்கலம். குளியல் தொட்டியில் அம்மாவையும் மகனையும் உட்காரவைத்து மேலே மெத்தையைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காது அடைத்துக்கொண்டது.

அன்று வந்தது EF3 டொர்னாடோ, அதாவது 0 முதல் 5 வரை போகும் வலிமை அளவில் 3. பிரெஸ்டன் ரோடும் ராயல் லேனும் சந்திக்கிற கடைவீதி நொறுங்கியது. தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி திரும்ப நுழைய முடியாத அளவுக்குச் சேதமானது. ஒருவர்கூடச் சாகவில்லை, அதை இன்றும் நம்பமுடியவில்லை. எச்சரிக்கை வந்த பிறகும் மேட்சை நிறுத்த ஆறு நிமிடம் தாமதித்துவிட்டோம் என்று நிலையமே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆறு நிமிடம் கொஞ்சமா? டொர்னாடோ வார்னிங் பல சமயம் பத்து, பதினைந்து நிமிட அவகாசம்தான் தருகிறது. அதில் பாதியை ஃபுட்பாலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நிலையங்கள் ஏன் தயங்குகின்றன என்பது புரியாமல் இல்லை. அதே 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் இறுதிச் சுற்று, டைகர் உட்ஸ் ஜெயித்த அன்று. அட்லாண்டா சேனல் ஒன்றின் வானிலையாளர் டொர்னாடோ வார்னிங்குக்காகச் சில நிமிடம் குறுக்கே வந்தார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கோல்ஃபுக்காக! உள்ளூர் வானிலை எச்சரிக்கைக்கு நிகழ்ச்சியை நிறுத்தியே தீரவேண்டும் என்று சட்டமும் இல்லை. முடிவெடுப்பது நிலையம்தான், திட்டு வாங்குவதும் அதுதான்.

சைரன் இருக்கிறதே, போன் இருக்கிறதே என்பார்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. 2011இல் மிசூரியின் ஜாப்லினில் 158 பேர் இறந்தார்கள். முதல் சைரன் கேட்டதும் பலர் ஒதுங்கவில்லை, நிஜம்தானா என்று இன்னொரு ஆதாரத்தைத் தேடினார்கள் என்று தேசிய வானிலை சேவையின் ஆய்வு சொன்னது. நானும் அப்படித்தான் தேடுவேன். டிவியில் ஒரு முகம் வந்து உங்கள் தெருப்பக்கம் என்று சொன்னால்தான் கால் நகரும்.

இப்போது எப்படி? இந்த வசந்தத்தில் கூடைப்பந்து மேட்ச் நடுவே வார்னிங் வந்தது. போன் அலறி முடிப்பதற்குள் திரை மாறிவிட்டது. ஆட்டம் ஓரத்தில் சின்னப் பெட்டியாக, சத்தமில்லாமல் ஓடியது. பெரிய பெட்டியில் ரேடார். வானிலையாளர் சிவப்பும் பச்சையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்து, காற்று இங்கே சுழல்கிறது என்றார். பிறகு இன்னொரு படத்தைப் போட்டு நடுவில் இருந்த நீலத் திட்டைக் காட்டினார். மழைத்துளி எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், இங்கே ரேடாரில் படுவது கண்ட வடிவத்திலும் இருக்கிறது, காற்று பலகையையும் தகரத்தையும் தூக்கிவிட்டது என்று அர்த்தம் என்றார். குரலில் பதற்றமே இல்லை. எந்தச் சாலையை எத்தனை மணிக்குத் தொடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தப் பத்து நிமிடத்துக்காகவே முழு நட்சத்திரமும் கொடுக்கலாம்.

ஒன்றைக் குறைத்தது வரைபடத்துக்காக. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது, சாலைப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் என் அம்மாவுக்கு வேகமான ஆங்கிலப் பேச்சு பிடிபடாது. சிவப்புக் கட்டத்துக்குள் நம் வீடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதையாவது தெளிவாகப் போடலாம். கட்டம் எங்களைத் தாண்டிப் போனபிறகும் பேச்சை இழுத்ததும் உண்டு. அங்கே திரும்ப மேட்சைக் காட்டுவதில் தவறில்லை. ஒரே ஒளிபரப்புப் பகுதிக்குள் எத்தனையோ கவுண்டி, நூறு மைல் தள்ளி வானம் தெளிவாக இருக்கும் ஆட்களும் அதே திரையைத்தான் பார்க்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் கூடைப்பந்து ஆட்டம் முழுவதும் சேனலின் துணை அலைவரிசையில் தொடர்ந்தது. கீழே ஒரு வரியில் அதன் எண்ணும் ஓடியது. எங்கள் டிவியில் அது முதலில் வரவில்லை. ரிமோட்டில் சேனல் ஸ்கேன் மறுபடி ஓட்டியதும் வந்தது. இரண்டு நிமிட வேலை, சீசன் தொடங்குமுன் செய்துவையுங்கள்.