காம்போசிஷனிலும் இருந்தேன், ரெகுலரிலும் இருக்கிறேன்: ஒரு பாத்திரக்கடையின் ஜிஎஸ்டி அனுபவம்

கும்பகோணத்தில் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது காம்போசிஷனில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு பர்சென்ட் மட்டும் கட்டும் எளிய முறையில் சேர்ந்தேன். 2022 ஏப்ரலில் ரெகுலருக்கு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதி வரியைக் கட்டும் வழக்கமான முறைக்கு மாறினேன். "ஒரு பர்சென்ட் கட்டினா போதும், தலைவலி இல்லை" என்று கடைத்தெருவில் சொல்வதைக் கேட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த ஒரு பர்சென்ட் எதன் மேல் என்று பார்க்க வேண்டும்.

முதலில், ஜிஎஸ்டி பதிவே தேவையா? சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஏப்ரல் முதல் வரம்பு 40 லட்சம். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் இன்னும் 20 லட்சம்தான். இது லாபம் அல்ல, மொத்த விற்பனை. ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். வரி இல்லாத சரக்கு விற்றதும் அதில் சேரும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் பொதுவாக இந்த வரம்பே கிடையாது, முதல் பில்லுக்கே பதிவு வேண்டும்.

காம்போசிஷனில் இருந்த வருஷங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரைக் கோடி வரை விற்கிறவர்கள் இதில் இருக்கலாம். காலாண்டு முடிந்ததும் அடுத்த மாதம் 18-க்குள் வரி கட்டும் சிஎம்பி-08 படிவம், வருஷத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன், அவ்வளவுதான். பில்லில் வரி என்று தனியாக எதுவும் போடக்கூடாது. 'காம்போசிஷன் வணிகர், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர்' என்ற வாசகம் பில்லின் தலையில் இருக்க வேண்டும். கல்யாணச் சீர் வாங்க வருகிற குடும்பத்துக்கு வரி பில்லால் என்ன ஆகப்போகிறது? கடையில் பாதி வியாபாரம் அவர்களால்தான்.

இனி கணக்கு. 2025 செப்டம்பர் 21 வரை பாத்திரத்துக்கு 12%. அடக்கம் 1,000 ரூபாய் உள்ள தவலை வரியோடு 1,120-க்கு வரும். 1,400-க்கு விற்கிறேன் என்று வையுங்கள். காம்போசிஷனில் வாங்கும்போது கொடுத்த 120 திரும்பாது. விற்ற 1,400-க்கு ஒரு பர்சென்ட், அதாவது 14 ரூபாய், நம் கைக்காசு. மிச்சம் 266. ரெகுலரில் அதே 1,400-க்குள் வரி 150. ஏற்கெனவே கொடுத்த 120-ஐ இன்புட்டாகக் கழித்து 30 கட்ட வேண்டும். மிச்சம் 250. ஆக, தவலைக்கு 16 ரூபாய் காம்போசிஷன் பக்கம் லாபம்.

2025 செப்டம்பர் 22-ல் 12% அடுக்கையே எடுத்துவிட்டார்கள், பாத்திரம் 5%-க்கு வந்துவிட்டது. அதே தவலை இப்போது 1,050-க்கு வருகிறது. அதே 25% லாபம் வைத்தால் விலை 1,312 ரூபாய் 50 காசு. காம்போசிஷனில் மிச்சம் 249 ரூபாய் சொச்சம், ரெகுலரில் 250. இருந்த லாபம் காணாமல் போய்விட்டது. போட்டிக்காக 10% வைத்து 1,155-க்கு விற்கிறீர்களா? ரெகுலரில் 100 நிற்கும், காம்போசிஷனில் 93 தான். ரெகுலரில் வரி நம் லாபத்தின் மேல் விழுகிறது. காம்போசிஷனில் மொத்த விற்பனையின் மேல். 5% சரக்கைக் குறைந்த லாபத்தில் தள்ளுகிறவருக்குக் காம்போசிஷன் கையைக் கடிக்கும். 18% சரக்கை நல்ல லாபத்தில், நேராக வீட்டுக்காரர்களுக்கு விற்கிறவருக்கு இன்றைக்கும் அதுதான் கட்டுப்படியாகும்.

வரி இறங்கிய அந்த வாரம் தீபாவளிச் சரக்கு எல்லாக் கடையிலும் இறங்கியிருந்தது. எங்கள் தெருவில் காம்போசிஷனில் இருக்கும் அண்ணன் ஒருவர் 1,120-க்கு வாங்கி அடுக்கியதை, மற்றவர்களோடு சேர்ந்து 1,312-க்கு விற்க வேண்டியதாயிற்று. 266 நிற்க வேண்டிய இடத்தில் 179 தான் நின்றது. எனக்கு அந்த 120 இன்புட்டாக லெட்ஜரில் இருந்ததால் தப்பினேன். 62 ரூபாய் 50 காசு வரிக்குப் போக மீதி அடுத்த விற்பனைக்குக் கழிந்தது. வரி இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

நான் மாறியதற்குக் காரணம் காரைக்கால். அங்கிருந்து ஒரு கடைக்காரர் சரக்கு கேட்டார். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் ஊர், ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஜிஎஸ்டி எண் நமக்கு 33-ல் தொடங்கும், அவர்களுக்கு 34. காம்போசிஷனில் வெளிமாநில விற்பனை கூடாது. மாறிய பிறகும் ஒரு வேடிக்கை உண்டு: சென்னைக்கு ஒரு லட்சம் வரை இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) இல்லாமல் அனுப்பலாம், காரைக்காலுக்கு 50,000 தாண்டினாலே வேண்டும்.

மாறும்போது மறக்கக்கூடாதது ஐடிசி-01 என்ற படிவம். முந்தின நாள், அதாவது மார்ச் 31 அன்று கடையில் இருந்த இருப்புக்கு ஏற்கெனவே கொடுத்த வரியை இன்புட்டாகக் கேட்கலாம். 30 நாளுக்குள் போட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பில் செல்லாது. தொகை இரண்டு லட்சம் தாண்டினால் சிஏ சான்றிதழ் வேண்டும். பழைய கொள்முதல் பில் பத்திரமாக இருந்தால்தான் இந்தப் பணம்.

ரெகுலர் என்றாலே மாதாமாதம் ரிட்டர்ன் என்ற பயம் பலருக்கு. ஐந்து கோடி வரை காலாண்டு முறை இருக்கிறது. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள், வரிக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தமிழ்நாட்டுக்கு 22-க்குள். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் 25-க்குள் கட்டினால் போதும்.

உண்மையான தலைவலி நம் ரிட்டர்ன் அல்ல, சப்ளையருடையது. அவர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டால்தான் நம் 2பி-யில், அதாவது நமக்குக் கிடைக்கும் இன்புட்டைப் போர்ட்டல் காட்டும் பட்டியலில், அந்த பில் ஏறும். ஏறாவிட்டால் பணம் கொடுத்திருந்தாலும் இன்புட் கிடையாது. ஒரு மொத்த வியாபாரி பெரிய லோடு அனுப்பிவிட்டு ரிட்டர்னே போடாமல் இழுத்தடித்தார். போனில் "நாளைக்குப் போட்டுடறேன் தம்பி" என்பார். அன்றிலிருந்து புது ஆட்களிடம் சரக்குப் பணத்தை மட்டும் கொடுத்து, வரிப் பகுதியை 2பி-யில் பார்த்த பிறகே கொடுக்கிறேன். 180 நாளுக்குள் முழுப் பணமும் போய்விட வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

எங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல் ஒன்று. பழைய பித்தளையை எடைபோட்டுக் கழித்துக்கொண்டு புதுக் குடம் கொடுப்போம். 3,000 ரூபாய்க் குடத்துக்குப் பழசு 1,200 போனால், மீதி 1,800-க்குத்தான் பலரும் பில் போடுகிறார்கள். வரி 3,000-க்குக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி விதியிலேயே பழைய போன் கொடுத்துப் புதுப் போன் வாங்குவதை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

கடை வாடகையும் உண்டு. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் இல்லாவிட்டால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18%-ஐ நாமே ரொக்கமாகக் கட்டி, பிறகு இன்புட்டாக எடுக்க வேண்டும். காம்போசிஷன்காரர்களுக்கு இன்புட் இல்லாததால் இது சுமையாக விழுந்தது. 2025 ஜனவரியில் அவர்களை விட்டுவிட்டார்கள். அது நியாயம்தான்.

கடைசியாக நோட்டீஸ். தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் மட்டும் ஏற்றப்பட்ட நோட்டீசைப் பார்க்காமல் விட்டு, பிறகு சென்னை உயர்நீதிமன்றம் வரை போன வழக்குகள் ஏராளம். 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று தனிப் பகுதி இருக்கிறது, அதையும் திறந்து பார்க்க வேண்டும். பதிவில் இருக்கும் மொபைல் எண் ஆடிட்டருடையதா உங்களுடையதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். ஆடிட்டருடையது என்றால் மாற்றச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.