டி-ரெக்ஸா, ஜைகனோடோசோரஸா? கண்காட்சிக்கு எதைச் செய்வது?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிள்ளைகள் விஞ்ஞானக் கண்காட்சிக்கு டைனோசர் செய்யத் தீர்மானித்ததும் கிளம்பும் முதல் சண்டை, "எது பெருசு?" அதில் நேரத்தை விட வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ 12 மீற்றர். வட அமெரிக்க டி-ரெக்ஸ் வாழ்ந்தது 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆர்ஜென்டினாவின் ஜைகனோடோசோரஸ் அதற்கும் சுமார் 3 கோடி ஆண்டு மூத்தது. நேருக்கு நேர் மோத வழியே இல்லை.

வித்தியாசம் வாய்க்குள்தான். ஜைகனோடோசோரஸின் பல் தட்டை, ஓரமெல்லாம் நுண்ணிய அரம். கவ்வாத்துக் கத்தி மாதிரி இழுத்து அறுக்க ஏற்றது, எலும்பை உடைக்க அல்ல. அதன் காலத்தில் அங்கே நீண்ட கழுத்துத் தாவர உண்ணிகள் இருந்தன. அவற்றிடம் சதைக்குப் பஞ்சமில்லை.

டி-ரெக்ஸின் பல் தடித்தது, வேரோடு 30 சென்ரிமீற்றர் வரை வரும். மூக்கெலும்புகள் ஒன்றாய் இறுகியிருந்ததால் கடியின் அழுத்தத்தை மண்டையோடு தாங்கியது. கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் என்றது 2012 ஆய்வு. 2017 ஆய்வோ அதிகபட்சமே சுமார் 34,500 என்றது. சுவரொட்டியில் ஒரே எண்ணை எழுதி ஒட்டாதீர்கள். கனடாவில் கிடைத்த, டி-ரெக்ஸுடையதாகக் கருதப்படும் 44 சென்ரிமீற்றர் புதைபடிவச் சாணத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் இருந்தன. செத்ததை மட்டும் தின்றதா என்றால், இல்லை: எட்மன்டோசோரஸ் என்ற தாவர உண்ணி டைனோசர் ஒன்றின் வால் எலும்பில் டி-ரெக்ஸ் பல் பதிந்து, சுற்றிலும் எலும்பு வளர்ந்து ஆறியிருக்கிறது. கடிபட்டது உயிரோடு தப்பியிருக்கிறது.

மாதிரிக்கு டி-ரெக்ஸே நல்லது. ஜைகனோடோசோரஸின் கை எலும்புகள் கிடைக்கவில்லை. மூன்று விரல் என்பது உறவினங்களை வைத்துச் சொல்வது. 1:20 அளவில் டி-ரெக்ஸின் நீளம் 60, இடுப்பு உயரம் 18, கை 5 சென்ரிமீற்றர். விரல் இரண்டே, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும், தரையை அல்ல. மண்டையின் பின்பக்கம் அகலம், அதனால் கண்கள் முன்னோக்கும். முதுகும் வாலும் கிடையாக நிற்க வேண்டும். வாலைத் தரையில் இழுப்பது பழைய தவறு. தலை கனத்து முன்னே கவிழ்ந்தால் வாலுக்குள் தூண்டில் ஈயத்தைச் செருகுங்கள். நுவரெலியாக் குளிரில் தடித்த காகிதக்கூழ் உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய அடுக்காகப் பூசி, ஒன்று காய்ந்தபின் அடுத்தது.

"நம்ம மலையில எலும்பு கிடைக்குமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கிடைக்காது. மலையகப் பாறை டைனோசருக்கெல்லாம் மூத்தது, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்துப் பாறைக்குப் புத்தளம் பக்கம் தப்போவவுக்குப் போக வேண்டும். அங்கேயும் பேர்போனவை தாவரப் படிவங்களே.