குடும்பத்தில் தர்ம டிரஸ்ட் வைத்திருப்பவர்கள் வரிவிலக்குப் பதிவுக்கான 10ஏசி உத்தரவைக் கையில் வாங்கிப் படியுங்கள்

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா 1974இல் எழுதி வைத்த சின்ன டிரஸ்ட். ஒரு வீட்டு வாடகை, கொஞ்சம் வங்கி டெபாசிட், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் வருஷா வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம். வருமான வரிவிலக்குக்காக வாங்கிய அந்தக் காலத்து 12ஏ சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும் என்று பெட்டியில் பத்திரமாக இருந்தது.

2020 நிதிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. அப்படிச் சான்றிதழ் வாங்கியிருந்த பழைய டிரஸ்டுகள் எல்லாமே 10ஏ படிவம் போட்டு 12ஏபி பிரிவில் மறுபடி பதிய வேண்டியிருந்தது, அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். மேனேஜிங் டிரஸ்டியான சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. 2021இல், 'ஆடிட்டர்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் அசல் பத்திரத்தையும் நாற்பதாயிரம் ரூபாயையும் கொடுத்தார். கேட்கும்போதெல்லாம் "கெடு தள்ளிப் போயிருக்கு சார்" என்று பதில். 2023 கடைசியில், "பதிவு வந்துடுச்சு சார், இனி கவலையே வேண்டாம்" என்றார். எங்களில் ஒருவர்கூட அந்த 10ஏசி உத்தரவைக் கேட்டு வாங்கவில்லை.

2024 மே மாதம் வங்கியில் கேட்டபோதுதான் அதை நான் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு மட்டுமான தற்காலிகப் பதிவு! கெடு தள்ளிப் போனது உண்மைதான், ஆனால் கடைசியாக நீட்டித்த 2023 செப்டம்பர் 30ஐயும் அவர் கோட்டைவிட்டிருக்கிறார். அதை மறைக்க, ஐம்பது வருஷ டிரஸ்டைப் புது டிரஸ்ட் என்று காட்டி விண்ணப்பித்திருக்கிறார். நடுவில் போன வருஷங்களுக்குப் பதிவே கிடையாது.

இதன் ஆபத்து வருமான வரியோடு நிற்காது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, உரிய காலத்தில் விண்ணப்பிக்காத பழைய டிரஸ்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் 115டிடி பிரிவு பாயும் நிலை இருந்தது. சொத்தின் இன்றைய சந்தை மதிப்பில் கடனைக் கழித்து, மிச்சம் முழுவதற்கும் உச்ச விகிதத்தில் வரி. எங்களுக்கு அந்த வீட்டையே விற்க வேண்டி வந்திருக்கும். சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நல்ல வேளையாக, நேரடி வரிகள் வாரியம் அந்த ஏப்ரலில்தான் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தது: இப்படித் தற்காலிகப் பதிவு வாங்கியவர்கள் அதை ஒப்படைத்துவிட்டு, 2024 ஜூன் 30க்குள் பழைய டிரஸ்டாகவே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் வருமான வரி போர்ட்டலுக்குள் நுழைய முடியவில்லை. பதிந்திருந்த மெயில், மொபைல் எண் இரண்டும் அந்த 'ஆடிட்டருடையவை'. சித்தப்பாவின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அவரிடமே. பாஸ்வேர்ட் கேட்டால் "பாக்கி பதினைந்தாயிரம்" என்றார். எந்தப் பாக்கி? புது டோக்கன் எடுத்து, அதை வைத்து பாஸ்வேர்டை மாற்றி, முறையான ஒரு பட்டயக் கணக்காளர் மூலம் ஜூன் மூன்றாம் வாரம் விண்ணப்பித்தோம். முதல் ஆள் பட்டயக் கணக்காளரே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உறுப்பினர் எண்ணை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து வருஷப் பதிவு கிடைத்தது. அது 2021 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை என்பதால், ஆறு மாதம் முன்னதாக, 2025 செப்டம்பர் 30க்குள் புதுப்பிக்கும் படிவமான 10ஏபி போட வேண்டியிருந்தது. அதை நாங்களே உட்கார்ந்து போட்டோம். முந்தைய இரண்டு வருஷமும் வருமானம் 5 கோடியைத் தாண்டாத டிரஸ்டுக்கு இப்போது பத்து வருஷம் தருகிறார்கள்.

பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். தாத்தா கையெழுத்துப் போட்ட அசல் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு இரண்டாவது பதிவுத் தபால் போன வாரம் அனுப்பியிருக்கிறோம்.