கும்பகோணத்துக்குக் கோடையில் பைக் பயணம்: பண்ருட்டி வழியா, கடலோரமா?

மே மாதத்தில் அம்மா அப்பாவைப் பார்க்கச் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் பைக்கில் கிளம்பினால் இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே ஏறக்குறைய 300 கி.மீ.

திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வாகனங்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் விக்கிரவாண்டி வரை நான்குவழிச் சாலையில் நிழல் அரிது. ஒன்பது மணிக்கு மேல் தாரின் அனல் முழங்கால் வரை ஏறும். லாரி கடக்கும்போது அடிக்கும் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். பண்ருட்டியில் பலாச் சீசன் என்பது ஒரு பெரிய ஆறுதல். முழுப் பழத்தைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போய் இறக்கினால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கடலோர வழி மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, சிதம்பரம், மயிலாடுதுறை எனச் சுற்றிப் போகிறது. மரக்காணத்தில் உப்பளங்களின் வரப்போரம் குவித்த உப்பு காலை வெயிலில் கண்ணைக் கூசும். பனையோலையில் வெட்டிப் போட்ட நுங்கு வழிநெடுகக் கிடைக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்றும் துணைக்கு வரும். புதுச்சேரி, கடலூர் நெரிசல்தான் பொறுமையைச் சோதிக்கும்.

தனியாக, அதிகாலை நான்கு மணிக்கே கிளம்ப முடிந்தால் பண்ருட்டி வழியே என் தேர்வு. மனைவியோ பிள்ளையோ பின்னால் உட்கார்ந்து வந்தால் கடலோரம்தான். நேரம் கூடினாலும் பரவாயில்லை. எந்த வழியானாலும் டயரில் காற்றை முதல்நாள் மாலையே பார்த்துவிடுங்கள். வெயிலில் தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள். தாமதமாகும் என்று வீட்டுக்கு ஒரு போன் செய்தால் போதும்.